நாலு பெடலும் வெறுங்காலும்

கிட்டார் வாசிக்கிறவனிடம் பிடித்த பெடல் எது என்று கேட்டால் சத்தத்தைப் பற்றிப் பேசுவான். நான் உள்ளங்காலைப் பற்றிப் பேசுவேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார்காரன். பகலில் பஜாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் விற்பனையாளன். ஒயர், ஸ்விட்ச், ஹோல்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் என் கையால்தான் போகும். ஆனால் எனக்குக் கரண்ட் என்றால் பயம். கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. பல்பை டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொன்னால், வாங்க வந்தவரையே பிளக்கைச் செருகச் சொல்லிவிட்டு, நான் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொள்வேன். முதலாளி ஒருநாள் தானும் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, “பில் புக்கு மேலதான்டே கெடக்கு. அடியில எதத் தேடுத, தைரியத்தையா?” என்று கேட்டார். வாங்க வந்தவர் சிரித்த சிரிப்பில் பல்ப் உடையாதது ஆச்சரியம்.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் இல்லை. பாதத்தின் அளவுக்கு ஒரு பெட்டி. கிட்டாரில் இருந்து வருகிற ஒயர் இதற்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மேலே உள்ள பொத்தானைக் காலால் மிதித்தால் சத்தம் வேறு ஆகிவிடும். என்னிடம் நாலு இருந்தன. தூத்துக்குடியில் கப்பலுக்குப் போய்வந்த ஒருத்தர், கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு பெடல்களை முதலில் வாங்கி, கிட்டாரை வாங்காமலே ஆசையை விட்டுவிட்டார். அவரிடம் இருந்து மொத்தமாக வாங்கினேன். தீப்பெட்டி பண்டல் வரும் பெட்டியின் பலகையை அறுத்து, நாலையும் வரிசையாக ஆணியடித்து வைத்துக்கொண்டேன்.

ஆரஞ்சு நிறத்தில் இருந்தது டிஸ்டார்ஷன். மிதித்தால் கம்பி கரகரக்கும். மில்லில் பெல்ட் அறுந்து மிஷின் கத்துகிற மாதிரி. கதாநாயகன் அரிவாளோடு கிளம்புகிற பாட்டுக்கு இது இல்லாமல் ஆகாது. நீலப்பெட்டி கோரஸ். ஒரு கிட்டார் இரண்டாகும். இரண்டாவது கிட்டார் சுருதியில் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், வெயில் பட்ட தண்ணீர்த்தொட்டி சுவரில் ஆடுகிற வெளிச்சம்போல. காதல் பாட்டு எல்லாம் இதில்தான். கறுப்பாக, செருப்பு மாதிரி மடங்குகிற பெட்டி வா-வா. அதன்மேல் பாதத்தை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; கிட்டார் பசித்த பூனையாகிக் கத்தும். குத்துப்பாட்டுக்கு. நாலாவது டிலே. வாசித்ததை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் தூரமாக. எங்கள் கரிசல் காட்டில் நின்று யாரையாவது கூப்பிட்டால் குரல் போனது போனதுதான், திரும்பி வராது. அதனாலோ என்னவோ, டிலேயை முதல்முறை மிதித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

டிலேதான் என் உயிர் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையான காரணம் வேறு. மற்ற மூன்றுக்கும் இரும்பு உடம்பு. டிலேக்கு மட்டும் பிளாஸ்டிக்.

எங்கள் பிழைப்பு முக்கால்வாசியும் அம்மன் கோயில் திருவிழாக்களில்தான்; எங்கள் பக்கம் அதற்குக் கொடை என்று பேர். சில ஊர்களில் ஒரு கட்டு உண்டு: அம்மனைவிட உயரத்தில் யாரும் நிற்கக் கூடாது. அதனால் மேடை கிடையாது. சன்னதிக்கு எதிரே தரையில் ஜமுக்காளம். சன்னதி என்பதால் செருப்பு கூடாது. கரிசல் புழுதி அம்மன் முகத்தில் படியக் கூடாது என்பதற்காக, கச்சேரிக்கு முன்னால் அந்தத் தரையில் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். ஆக, ஈரத் தரை, அதன்மேல் நனைந்த ஜமுக்காளம், அதன்மேல் வெறுங்கால், அந்தக் காலுக்கு முன்னால் இரும்புப் பெட்டி.

பெட்டிகளுக்கு ஆளுக்கு ஒன்பது வோல்ட் வேண்டும். பேட்டரியில் ஓட்டலாம். “கரண்டு சும்மா கெடக்கயில பேட்டரி எதுக்கு?” என்றார் மாஸ்டர். குழுவின் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம்; கீபோர்டு வாசிப்பார், குழு அவருடையது, எங்கள் எல்லோருடைய மானமும் அவருடையது. அதனால் எங்கள் கடைக்குத் திரும்பி வந்த சரக்கில் இருந்து ஒரு எலிமினேட்டரை எடுத்துக்கொண்டேன். வீட்டுக் கரண்டை ஒன்பது வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பெட்டி அது. வாங்கியவர் ஏன் அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எட்டயபுரம் போகிற வழியில் ஒரு ஊர்க் கொடையில் முதல்முறை தெரிந்தது. கம்பியைத் தொட்டபோதே விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் டிஸ்டார்ஷனை மிதித்தேன். பாதத்தில் ஏறியது தொடை வழியாக எங்கோ போய் முட்டியது. கிட்டாரோடு ஒன்றரை அடி மேலே போய், பின்பக்கமாக இறங்கினேன். இறங்கின இடத்திலும் கை கம்பியை விடவில்லை, பாட்டு நிற்கவில்லை. கூட்டம் எழுந்து விசிலடித்தது.

இடைவேளையில் மாஸ்டர் என் தோளில் கை போட்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே இல்லை.

“ஏலே, இத்தன நாளு இத எங்கன ஒளிச்சு வச்சிருந்த?”

“மாஸ்டர், அது ஷாக்கு. பெட்டியில கரண்டு லீக் ஆவுது.”

“இருக்கட்டும்டே. அம்மன் கோயில் கரண்டு, ஒன்னுஞ் செய்யாது.”

“எலிமினேட்டர மாத்திருதேன் மாஸ்டர்.”

“மாத்துனன்னா கிட்டார மாத்திருவேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிட்டாரை என்று அவர் சொன்னது கிட்டார்காரனை.

அதற்கப்புறம் கொடைக்குக் கச்சேரி பேச வருகிறவர்கள் பாடகர் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, “அந்தத் துள்ளுத ஆளு வருவாருல்லா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் அதை நோட்டீஸிலேயே போட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். கோயில் ஆட்கள் கழற்றச் சொன்னார்கள். பால் கவரை வெட்டிப் பாதத்துக்கு அடியில் ஒட்டினேன். மூன்றாவது பாட்டில் கழன்று பாடகி காலடிக்குப் போனது. கடையில் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போடுகிற ரப்பர் பாய் ஒன்றைக் கொண்டுபோனேன். மாஸ்டர் அதைக் கையால் தடவிப் பார்த்து, சுருட்டி, “இதுல நின்னா நீ துள்ளமாட்டல்லா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த முட்டாள்தனமான உண்மைக்கு அப்புறம் பாய் என் பைக்குள்ளேயே கிடந்தது.

கச்சேரி நாளில் பாட்டு லிஸ்ட் வந்ததும் மற்றவர்கள் சுருதி பார்ப்பார்கள்; நான் மிதி பார்ப்பேன். எத்தனை மிதி, எதில் இரும்பு, எதை டிலேயை வைத்து ஒப்பேற்றலாம். காதல் பாட்டுக்கு டிலே. குத்துப்பாட்டுக்கும் டிலே. டிரம்ஸுக்குப் பதிலாகக் குச்சியால் தட்டுகிற ரிதம் பேட் வாசிக்கிறவன் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தே சேக்காளி, நாக்கில் பிளேடு வைத்திருப்பவன். “மாப்ளே, கல்யாணப் பாட்டுல பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் கெணத்துல விழுந்துட்டாவன்னு ஆளுவ தேடுதாவடா” என்பான்.

இப்படி நான் பயந்து பயந்து காப்பாற்றிக்கொண்ட இடத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பிடாரம் பக்கம் இருந்து ஒருவன் வந்தான்.

நாங்கள் ரிகர்சல் பண்ணுவது மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை ஷெட்டில். மெழுகு வாசம் இன்னும் போகாத இடம். அவன் கிட்டாரைச் சிமெண்ட் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். வீட்டில் ஆடுகள், கொஞ்சம் மானாவாரி நிலம். கேட்காமலே இதையெல்லாம் சொன்னான்.

“பெடல் இருக்கா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“இல்ல மாஸ்டர். வெரலுதான்.”

பேட்காரன் களுக்கென்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் வாசித்தான்.

டிஸ்டார்ஷன் வேண்டிய இடத்தில் நகத்தின் ஓரத்தால் கம்பியைக் கீறி, உள்ளங்கையால் அமுக்கினான்; கரகரத்தது. வா-வா வேண்டிய இடத்தில் வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் டோன் திருகைச் சுழற்றினான், பூனை கத்தியது. கடைசியில் டிலே. ஒரு வரியை வாசித்துவிட்டு, அதையே அவனே திரும்ப மெதுவாக, இன்னும் மெதுவாக, கடைசித் தடவை கம்பியைத் தொட்டதா இல்லையா என்று தெரியாதபடி வாசித்தான். பேட்காரன்கூட வாயை மூடியிருந்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாஸ்டர் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே யோசித்தார். “வாசிக்குதான்” என்றார். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை.

“ரெண்டு கிட்டாரு நமக்குக் கட்டாதுடே. வார செவ்வாக்கெழம கொடையில இவன் நிக்கட்டும். ஒன் பெட்டியக் கொடு. எப்படி இருக்குன்னு பாத்துட்டு ரெண்டு பேருல ஒருத்தன் இரு.” என்னைப் பார்த்தே சொன்னார். “எதெதுல என்ன சத்தம்னு சொல்லிக் கொடுத்துரு.”

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நானும் அவனும் பலகைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக உட்கார்ந்தோம். சிமெண்ட் தரை, இருவர் காலிலும் ரப்பர் செருப்பு. பெட்டிகள் அன்றைக்குப் பூனைக்குட்டிகள்போல இருந்தன.

முதலில் அரைகுறையாகச் சொல்லித்தான் ஏமாற்ற நினைத்தேன். முடியவில்லை. அவன் அப்படி ஆசையாகக் கேட்டான். டிஸ்டார்ஷனை முழுக்கத் திறந்து வைத்தால் சத்தம் பெரிதாகும், ஆனால் எந்த ஸ்வரம் என்று தெரியாது, பாதிக்குக் கீழே வைக்க வேண்டும் என்றேன். கோரஸை வேகமாக வைத்தால் சீக்குக்காரன் குரல் மாதிரி ஆகிவிடும் என்றேன். டிலேயைக் காட்டியபோது அவன் திருகை இன்னும் குறைத்து, எதிரொலியே வெளியில் தெரியாத அளவுக்கு வைத்துவிட்டு, “இப்பம் வாசிங்க அண்ணாச்சி” என்றான். வாசித்தேன். எதிரொலி கேட்கவில்லை. ஆனால் வாசித்த ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்த மாதிரி இருந்தது. மூன்று வருடமாக என் காலடியில் கிடந்த பெட்டிக்குள் அந்தச் சத்தம் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

“இதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றான். எனக்கும் அதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

“எனக்கு இதவிட்டா வேற ஒன்னும் தெரியாது அண்ணாச்சி. ஆட்டுக்குப் பின்னால போறதுதான். அங்க போயி யாருக்கு வாசிக்க?” என்றான். பிறகு எலிமினேட்டரைப் பார்த்தான். அதன் மூலையில் பிளாஸ்டிக் கருகியிருந்தது. “இதுல கரண்டு கிரண்டு அடிக்காதே?”

நான் எலக்ட்ரிக்கல் கடைக்காரன். அவன் கேட்டது சரியான ஆளிடம்.

“சே, ஒம்பது வோல்ட்டுதாம்ப்பா. நாக்குல வச்சாக்கூட ஒன்னும் ஆவாது” என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். பெட்டிக்கு ஒன்பது வோல்ட்தான்.

அந்த ஊரில் ராத்திரி முழுக்கச் சாமியாட்டமும் வில்லுப்பாட்டும் என்பதால் எங்கள் கச்சேரியைச் சாயங்காலம் நாலரை மணிக்கே வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். புழுதி அடங்க வேண்டும் என்று டிராக்டரில் டேங்க் கொண்டுவந்தே தண்ணீர் விட்டிருந்தார்கள். கரிசல் குழைந்து ஜமுக்காளத்துக்கு மேலேயே கசிந்திருந்தது. நான் செருப்போடு, சன்னதி எல்லைக்கு வெளியே, பிளக் போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பை மடியில். அதற்குள் ரப்பர் பாய்.

அவன் வந்து நின்றான். புதுச்சட்டை. பாதம் ரெண்டும் சேற்றில். முதல் பாட்டு பெடல் இல்லாத பாட்டு. அம்மன் பாட்டு. நன்றாகத்தான் வாசித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமையில் இருந்து செவ்வாய்க்கிழமை வரை என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தவன், ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. அவன் ஷாக் அடித்துத் துள்ளினால் கூட்டம் விசிலடிக்கும். வாசிக்கவும் தெரிந்த ஒரு துள்ளுகிறவன் மாஸ்டருக்குக் கிடைப்பான். ஷாக் அடிக்காவிட்டால் அவன் வாசிப்பான்; அவன் வாசித்தால் நான் காலி. இத்தனை யோசித்துச் சொன்ன பொய்யில் எனக்கு லாபம் வருகிற பக்கம் ஒன்றுகூட இல்லை. எழுந்து போய்ப் பாயைக் காலடியில் போட்டுவிடலாமா என்று பையின் ஜிப்பைப் பாதி திறந்தேன். பாயைப் போட்டால் அவன் நன்றாக வாசிப்பான். ஜிப்பை மூடினேன். மறுபடி திறந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “என்ன தம்பி, சாப்பாடா? இங்கன வச்சுத் திங்கக் கூடாது” என்றார்.

மூன்றாவது விதமாகவும் நடக்கலாம் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இரண்டாவது பாட்டில் டிஸ்டார்ஷனை மிதித்தான். துள்ளவில்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது; பல்லைக் கடித்தான்; காலை எடுத்தான். பிறகு நேராக என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலுக்கு அடியில் எதையோ தேடினேன்.

அவன் மிச்சப் பாட்டை விரலாலேயே வாசித்தான். கூட்டம் பொறுக்கவில்லை.

“ஏ கிட்டாரு! துள்ளுடே!”

“நோட்டீஸ்ல போட்டிருக்கில்லா, துள்ளு!”

“போன வருசம் வந்தவன் என்னமா துள்ளுனான்! இவன் நட்டுவச்ச கட்ட மாரில்லா நிக்கான்!”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாஸ்டர் கீபோர்டில் இருந்து தலையை நிமிர்த்தி, தாடையால் பெட்டியைக் காட்டினார். மிதி என்று அர்த்தம். அவன் மிதித்தான். முகம் இழுத்தது. இன்னொருமுறை காட்டினார். இன்னொருமுறை மிதித்தான். ஒவ்வொரு தடவையும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கூட்டம் ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டியது.

அடுத்து குத்துப்பாட்டு. வா-வா. மற்றப் பெட்டிகளை மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வா-வாவில் பாட்டு முடிகிற வரைக்கும் பாதம் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும். நான் அந்தப் பாட்டை ஒருநாளும் அதில் வாசித்ததில்லை. டிலேயை வைத்து ஓட்டிவிடுவேன். அவனுக்கு அந்த ஏமாற்று தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தபடி சேற்றுப்பாதத்தை முழுசாக அதன்மேல் வைத்தான்.

பல்லவி முழுவதும் வைத்திருந்தான். அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. வா-வா அப்படியும் அழும் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், அவன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். சரணம் தொடங்கும்போது அவன் தோள் ஆட ஆரம்பித்தது. கூட்டம், “அப்படிப் போடு!” என்றது. கை கம்பியைப் பிடித்தபடி இறுகியது. ஒரே ஸ்வரம் நீண்டுகொண்டே போனது. அப்புறம் முறிந்த கிளைபோலப் பக்கவாட்டில் சாய்ந்தான். நெற்றி ஸ்பீக்கர் பெட்டியின் முனையில் இடித்தது. விழுந்த பிறகும் கை கம்பியை விடவில்லை, கால் உதறிக்கொண்டிருந்தது.

கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. “ஒன்ஸ்மோர்!”

பிளக் போர்டு என் கைக்கெட்டும் தூரத்தில். காலில் ரப்பர் செருப்பு. அந்த மைதானத்திலேயே அதைப் பிடுங்கத் தகுதியான ஒரே ஆள் நான். என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “யாரும் தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று கத்தினேன். யாரும் தொடவில்லை. பேட்காரன்தான் பேட்டைத் தாண்டி ஓடிவந்து, வேட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒயரோடு போர்டைப் பிடுங்கி எறிந்தான்.

மொத்தச் சத்தமும் நின்றது. கூட்டத்தின் சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, நெற்றியில் ஈரத்துணி வைத்துக் கட்டினார்கள். சோடா கொடுத்தார்கள். இடது கையால் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை; விரல்கள் மடங்காமல் நடுங்கின. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டான். நான் சோடாவை அவன் வாயில் வைத்தேன்.

“ஒம்பது வோல்ட்டுன்னு சொன்னியளே அண்ணாச்சி” என்றான். திட்டுகிற குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்.

“பெட்டிக்கு ஒம்பதுதான்” என்றேன். “தரையில ஈரம் ஜாஸ்தி.”

“ஒங்களுக்கும் அடிக்குமோ?”

“லேசா.”

“அப்பம் நீங்க துள்ளுனது…” என்றான். பிறகு எழுந்து, கிட்டாரைச் சாக்கில் சுற்றப் பார்த்தான். ஒரு கையால் சுற்ற வரவில்லை. நான் சுற்றிக் கொடுத்தேன், நன்றாக இறுக்கிக் கட்டினேன். அதில் மட்டும் என்னைக் குறையே சொல்ல முடியாது.

மாஸ்டர் வந்தார். “பயந்துட்டான், வேற ஒன்னுமில்ல” என்று கோயில் ஆட்களிடம் சொன்னார். அவனிடம், “கைய வீட்டுல காட்டுப்பா, தவுடு ஒத்தடம் குடு” என்றார். என்னிடம், “போர்ட மாட்டியாச்சு. பன்னெண்டு பாட்டு பாக்கி இருக்கு. போயி நில்லு” என்றார். இடம் என்னுடையது. இரண்டு நாளாக அதைத்தானே கேட்டேன்.

அவன் சாலைப்பக்கம் நடந்தான். பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம்தான்.

எலிமினேட்டரை நான் தொடமாட்டேன் என்றேன். அழுகிற குரலில்தான் சொன்னேன். மாஸ்டருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. “என்னமும் செய்யி. துள்ளணும்” என்றார். பாடகியின் கார்ட்லெஸ் மைக்கில் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரே பேட்டரி. நாலு பெடல். ஒன்றுக்குத்தான் உயிர் கொடுக்கலாம்.

பிடித்த பெடல் எது என்ற கேள்வியை என்னிடம் அதற்கு முன்பும் பின்பும் யாரும் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. டிலேயில் அவன் ஞாயிற்றுக்கிழமை வைத்த திருகு அப்படியே இருந்தது. நான் பேட்டரியை டிஸ்டார்ஷனில் போட்டேன். மற்ற மூன்றையும் பலகையில் இருந்து நெம்பி எடுத்துப் பையில் திணித்தேன்.

வெறுங்காலோடு சேற்றில் நின்றேன். மாஸ்டர் கை காட்டினார். பெட்டியில் இப்போது ஒன்றும் இல்லை, வெறும் ஒன்பது வோல்ட். எனக்கு அது தெரியும். கால் கேட்கவில்லை. பொத்தானுக்கு அரை அடி மேலேயே நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மிதித்தேன். மிதித்தேனோ இல்லையோ, மேலே போய்விட்டேன். போன வருடத்தைவிட அரை அடி கூட இருக்கும். இறங்கி, கத்தி, மறுபடியும் துள்ளினேன். கூட்டத்துக்குத் தாங்கவில்லை. துண்டுகளை எறிந்தார்கள்.

பேட்காரன் வாசித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான். “ஏலே, எலிமினேட்டரு இங்கன என் காலடியில கெடக்கு. ஒனக்கு எது அடிக்கி?”

அப்போதுதான் தெரிந்தது. மாஸ்டருக்கு வேண்டியது துள்ளல்தான். எலிமினேட்டரை மாற்றாதே என்று அவர் சொன்னதுகூடத் துள்ளலுக்காகத்தான். முதல் கொடையிலேயே கடைசியாக ஒரு ஷாக் வாங்கிக்கொண்டு, மறுநாளே ஒரு பேட்டரியைப் போட்டு, சும்மா துள்ளியிருக்கலாம். அவனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். டிஸ்டார்ஷன் பாதிக்குக் கீழே, கோரஸ் மெதுவாக, இந்த இடத்தில் ஒரு துள்ளல். ஐந்தாவது பெடல் மாதிரி. அவ்வளவுதான். அவன் அதையும் என்னைவிட நன்றாகச் செய்திருப்பான்.

கைகால் ஓயும் வரை துள்ளினேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துள்ளல், மிதிக்காத இடத்திலும் சிலது. “இன்னைக்கு அம்சமா இருக்குடே!” என்று மாஸ்டர் கீபோர்டில் இருந்தே கத்தினார்.

ஆறரை மணி பஸ் அன்றைக்குத் தாமதம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வந்து நின்றபோது நாங்கள் எட்டாவது பாட்டில் இருந்தோம். அதுவரைக்கும் அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கோன் ஸ்பீக்கர் ஒன்றை அந்தப்பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள்.